திராட்சைத் தோலும் ரெஸ்வெரட்ராலும்

திராட்சைப் பழத்தின் தோலில் ரெஸ்வெரட்ரால் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. சதையில் அது அநேகமாக இல்லை; கொட்டையில் கொஞ்சம் உண்டு. கொடியிலிருந்து பறித்த பழத்தின் தோலில் ஒரு கிராமுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை இருக்கும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். இவ்வளவு சொற்பமான ஒரு பொருளைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. மாரடைப்பைத் தடுக்கும், புற்றுநோயை அடக்கும், சர்க்கரையைக் குறைக்கும், மறதி நோயைத் தள்ளிப்போடும், முதுமையையே தாமதப்படுத்தும் என்றெல்லாம் அதைப் பற்றிச் சொல்லப்பட்டது. மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் அது மாத்திரையாகவும் கேப்சூலாகவும் விற்பனைக்கு வந்து நெடுநாளாகிறது. சொல்லப்பட்டவற்றில் எது சோதனையில் நின்றது, எது நிற்கவில்லை என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

கொடி தனக்காகச் செய்யும் மருந்து

ரெஸ்வெரட்ராலைத் திராட்சைக் கொடி மனிதனுக்காகத் தயாரிப்பதில்லை. ஈரமும் குளிர்ச்சியும் கூடும் நாட்களில் திராட்சைக் குலைகளைச் சாம்பல் நிறப் பூசணம் ஒன்று தாக்கும். பொட்ரைட்டிஸ் என்பது அதன் பெயர். பூசணம் தோலைத் துளைக்கத் தொடங்கியதும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் ரெஸ்வெரட்ராலைச் சுரந்து அதன் பரவலை மட்டுப்படுத்த முனைகின்றன. புற ஊதாக் கதிர் பட்டாலும், இலையோ காயோ காயப்பட்டாலும் இதே சுரப்பு நடக்கும். திராட்சை இலைகளில் இந்தத் தற்காப்பு நடப்பதை 1976-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் எழுதினார்கள். ஆபத்து வந்த பிறகே செடி தயாரிக்கும் இத்தகைய பொருட்களுக்குத் தாவரவியலில் ‘பைட்டோஅலெக்சின்’ என்று பெயர்.

இதைச் செய்வதற்கு ஸ்டில்பீன் சிந்தேஸ் என்ற ஒரு நொதி கொடியில் இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவைத் திராட்சையிலிருந்து எடுத்துப் புகையிலைச் செடியில் சேர்த்தார்கள். அந்தப் புகையிலை பொட்ரைட்டிஸ் பூசணத்தை முன்னைவிட நன்றாகத் தாங்கியது. 1993-ல் வெளியான அந்த ஆய்வு, பூசணத்துக்கு எதிராக இந்தப் பொருள் உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று.

தேவைப்படும்போது சுரக்கும் பொருள் என்பதால் எல்லாத் திராட்சையிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. ரகம், மண், தட்பவெப்பம், அந்தப் பருவத்தில் கொடி பட்ட பாடு ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு கிண்ணம் சிவப்புத் திராட்சையில், அதாவது சுமார் 160 கிராமில், கால் மில்லிகிராமும் இருக்கலாம், ஒன்றேகால் மில்லிகிராமும் இருக்கலாம்.

பெயர் வந்த வழி

முதன்முதலில் இது கிடைத்தது திராட்சையிலிருந்து அல்ல. ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ தகாவோகா 1939-ல் வெரட்ரம் என்ற நச்சுச் செடியின் வேரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். ரெசார்சினால் என்ற வேதிக்கூறும் வெரட்ரம் என்ற செடிப் பெயரும் சேர்ந்ததே ரெஸ்வெரட்ரால். பின்னர் 1963-ல், சீனத்திலும் ஜப்பானிலும் நாட்டு மருந்தாகப் பயன்பட்டுவந்த ஒரு முடிச்சுச் செடியின் வேரில் இது ஏராளமாக இருப்பது தெரிந்தது. ஜப்பானியர் அதை இத்தாதோரி என்கிறார்கள். டப்பாவின் மேல் திராட்சைக் குலைப் படம் இருந்தாலும், இன்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் இந்தச் செடியின் வேர்தான்.

தமிழர்களுக்குப் பழக்கமான வேறு இரண்டு தாவரங்களிலும் இந்த வேதிப்பொருள் குடும்பம் உண்டு. ஒன்று நிலக்கடலை. மண்ணுக்குள் பூசணங்களோடு போராடி வளரும் கடலையும் ரெஸ்வெரட்ராலைச் சுரக்கிறது. பச்சைக் கடலையில் மிகக் குறைவு. தோட்டோடு அவித்த கடலையில் அதைவிடக் கூடுதல். ஒரு கிண்ணம் அவித்த கடலையில் இருப்பது ஒரு கிண்ணம் திராட்சையில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம். இன்னொன்று வேங்கை மரம். அதன் வைரக்கட்டையில் டெரோஸ்டில்பீன் என்ற நெருங்கிய உறவுப் பொருள் இருக்கிறது. வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, நிறம் இறங்கிய அந்த நீரைச் சர்க்கரை நோய்க்காகக் காலையில் குடிக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. சர்க்கரை நோய்க்கான மருந்தை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரை நம்பலாம் என்பதற்குச் சான்று கிடையாது. ஆயுர்வேத மருந்தான திராட்சாசவத்தில் ரெஸ்வெரட்ரால், டெரோஸ்டில்பீன் இரண்டும் இருப்பதை 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒயினில் தொடங்கிய புகழ்

வேரிலும் இலையிலும் கிடந்த ஒரு வேதிப்பொருள் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் சாப்பாட்டு மேசை. அவர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொழுப்பு மிகுந்த இறைச்சியும் நிறையச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் மாரடைப்புச் சாவு அங்கே குறைவாகப் பதிவாகிறது. இதை ‘பிரெஞ்சுப் புதிர்’ என்றார்கள். 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதைப் பேசியது. சிவப்பு ஒயின்தான் விடையாக இருக்கலாம் என்று பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ அதில் சொன்னார். அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை ஏறியது. அடுத்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தின் சீமன், கிரீஸி ஆகியோர் ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதை அளந்து காட்டினார்கள். வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பார்கள். ஆகவே சிவப்பில்தான் ரெஸ்வெரட்ரால் அதிகம். கேள்வி கிடைத்த வேகத்தில் பதிலும் கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை அவசரமானது. பிரான்சில் மாரடைப்புச் சாவுகளில் ஒரு பகுதி வேறு காரணங்களின் கீழ்ப் பதிவாகிறது என்றும், பிரெஞ்சுக்காரர்களின் உணவில் விலங்குக் கொழுப்பு கூடியது அண்மைக் காலத்தில்தான், அதன் விளைவு தெரிய ஆண்டுகள் பிடிக்கும் என்றும் 1999-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதோடு, ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் சராசரியாக 2 மில்லிகிராம் அளவுதான். இவ்வளவு சிறிய அளவு ஒரு நாட்டின் இதயநோய்க் கணக்கையே மாற்றியிருக்கும் என்பது நம்பக் கடினம்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வெற்றிகள்

1997-ல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் பெசூட்டோவின் குழு புற்றுநோயைத் தடுக்கக்கூடிய தாவரப் பொருட்களைச் சலித்துத் தேடிக்கொண்டிருந்தது. பெரு நாட்டுச் செடி ஒன்றில் அவர்களுக்கு ரெஸ்வெரட்ரால் கிடைத்தது. புற்று தோன்றும் கட்டம், வளரும் கட்டம், பரவும் கட்டம் ஆகிய மூன்றிலும் அது குறுக்கிடுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். எலிகளின் தோலில் கட்டிகளும் வெகுவாகக் குறைந்தன. ஒரு விவரம் முக்கியம்: எலிகளுக்கு மருந்தைத் தோலின் மேல் தடவினார்கள். வாய்வழி கொடுக்கவில்லை.

2003-ல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேரும் உடனிருந்தவர்களும் ஈஸ்ட் செல்களுக்கு ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் 70 விழுக்காடு கூடியது என்று அறிவித்தார்கள். சர்டுயின் எனப்படும் நொதிகளை அது தூண்டுகிறது என்பது அவர்களின் விளக்கம். உணவைக் குறைத்து வளர்க்கும் விலங்குகள் நீண்ட நாள் வாழ்வதற்குச் சர்டுயின்களே காரணம் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. பட்டினி கிடக்காமலே பட்டினியின் பலனைப் பெற ஒரு மாத்திரை கிடைத்துவிட்டதாக உலகம் நினைத்தது. 2006-ல் கொழுப்பு மிகுந்த தீனி தின்று பருத்த எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை பருமனாகவே இருந்தும் கல்லீரலும் இன்சுலினும் சீராகின, சாவும் குறைந்தது. அதே ஆண்டு பிரான்சில் நடந்த இன்னோர் ஆய்வில் எலிகள் அதிக தூரம் ஓடின.

சின்க்ளேர் பங்கேற்றுத் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008-ல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளிகளுக்கு, சர்ட்ரிஸ் உருவாக்கிய ரெஸ்வெரட்ராலின் ஒரு வடிவத்தை நாளொன்றுக்கு 5 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதால் 2010-ல் அந்தச் சோதனை நின்றது. அந்த நோயே சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது என்பதும் உண்மைதான். 2013-ல் சர்ட்ரிஸின் தனி அலுவலகமும் மூடப்பட்டது. சர்டுயினை ரெஸ்வெரட்ரால் நேரடியாகத் தூண்டுகிறதா, அல்லது சோதனையில் சேர்த்த ஒளிரும் வேதிப்பொருளால் அப்படித் தோன்றியதா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது.

ஆயுளைப் பற்றிய கேள்விக்கு அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நேரடியாகவே விடை தேடியது. மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே முறைப்படி, சாதாரணத் தீனி தின்னும் எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் கொடுத்தார்கள். ஆயுள் கூடவில்லை. அதே திட்டத்தில் ராபமைசின் என்ற வேறொரு மருந்து எலிகளின் ஆயுளைத் தெளிவாகக் கூட்டியது. ஆகவே சோதனை முறையில் குறை சொல்ல வழியில்லை.

இத்துறையில் ஒரு கறையும் உண்டு. இதயத்துக்கு ரெஸ்வெரட்ரால் நல்லது என்று எழுதிவந்த ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளில் தரவுகள் 145 இடங்களில் புனையப்பட்டோ திருத்தப்பட்டோ இருப்பதாக கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2012-ல் அறிவித்தது. மற்றவர்களின் கண்டுபிடிப்புகள் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் நோயாளிகளின் நம்பிக்கையோடு தொடர்புள்ள ஒரு துறையில் இது சிறிய குற்றமல்ல.

வாய்க்கும் ரத்தத்துக்கும் நடுவே

ஆய்வுக்கூடத் தட்டில் இத்தனை வேலை செய்யும் பொருள் மனித உடலில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு விடை குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆறு பேருக்கு 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் கொடுத்து அதன் போக்கைத் தொடர்ந்து கவனித்தார்கள். குடல் அதை நன்றாகவே உறிஞ்சியது; குறைந்தது 70 விழுக்காடு உள்ளே போனது. ஆனால் குடல் சுவரும் கல்லீரலும் அதை அங்கேயே பிடித்து, கந்தகக் கூறையோ சர்க்கரை அமிலக் கூறையோ ஒட்டி, சிறுநீரில் வெளியேறத் தோதான வேறு பொருளாக மாற்றிவிட்டன. மாறாத ரெஸ்வெரட்ராலாக ரத்தத்தில் மிஞ்சியது ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவு. தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஆய்வாளர்கள் ஊற்றுவது இதைப் போலப் பல நூறு மடங்கு.

கல்லீரல் இதில் தவறு எதுவும் செய்யவில்லை. செடிகள் தற்காப்புக்காகச் செய்யும் வேதிப்பொருட்களை மாற்றி வெளியேற்றுவது அதன் அன்றாட வேலை. மாறிய வடிவங்களுக்கும் கொஞ்சம் பலன் இருக்கலாம், சில திசுக்களில் அவை மீண்டும் ரெஸ்வெரட்ராலாகத் திரும்பலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. குடலுக்கு மட்டும் நிலைமை வேறு: மாத்திரை நேராக அங்கே போய்ச் சேருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் எட்டு நாள் ரெஸ்வெரட்ரால் சாப்பிட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகளின் குடல் திசுவில் அது கணிசமாக இருந்தது. அதனால்தான் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பில் இதை இன்னும் விடாமல் பின்தொடர்கிறார்கள். எலிகளில் அவர்கள் கண்டது வியப்பானது: கொழுப்புத் தீனி தின்ற எலிகளில், மனிதருக்கு 5 மில்லிகிராம் என்று கணக்காகும் சிறிய அளவு, அதைப் போல 200 மடங்கு பெரிய அளவைவிட நன்றாக வேலை செய்தது. அதிகம் என்றால் அதிக நன்மை என்ற கணக்கு இந்தப் பொருளுக்குச் செல்லாது.

மனிதர்களிடம் கண்டது

2011-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் உடற்பருமன் உள்ள 11 ஆண்களுக்குத் தினமும் 150 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்தார்கள். இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது, மேல் ரத்த அழுத்தம் இறங்கியது, கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், பருமன் இல்லாத பெண்களுக்கு 75 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தபோது எதுவும் மாறவில்லை. அதற்கடுத்த ஆண்டு டென்மார்க்கில் பருமனான ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தும் பலனில்லை. மாஸ்ட்ரிக்ட் குழுவே பின்னர் ஆறு மாதச் சோதனை நடத்தியது. இன்சுலின் செயல்பாட்டில் வேறுபாடு தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. ஊட்டியில் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகள் 62 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் மூன்று மாதம் கொடுத்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி 9.99-லிருந்து 9.65-க்கு இறங்கியது, மேல் ரத்த அழுத்தமும் குறைந்தது. யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. வெற்று மாத்திரையோடு ஒப்பிடவில்லை. அதோடு 9.65 என்பதும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான். வழக்கமான மருந்தின் இடத்தை இந்தப் பொருளுக்குக் கொடுக்க முடியாது என்பதை அந்த எண்களே சொல்கின்றன.

வேறு சில இடங்களில் நம்பிக்கைக் கீற்றுகள் தெரிந்தன. போலந்தில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 30 பெண்களிடம் மூன்று மாதம் நடந்த சோதனையில் ஆண் ஹார்மோன் இருந்த அளவில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு இரு வேளை 75 மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பார்த்ததில் நினைவாற்றல் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. இவை பெரிய அளவில், வேறு வேறு இடங்களில் மறுபடி நடந்து நிலைபெற வேண்டியவை. அல்சைமர் நோயாளிகள் 119 பேரிடம் அமெரிக்காவில் ஓராண்டு நடந்த சோதனை, மருந்தைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டியது. நோயைத் தடுக்கிறது என்று காட்டவில்லை.

எல்லாவற்றிலும் யோசிக்க வைப்பது கோபன்ஹேகனில் நடந்த ஆய்வு. உடலுழைப்பு இல்லாத, 65 வயதை ஒட்டிய 27 ஆண்களை எட்டு வாரம் கடுமையாக உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்தன, மூச்சுத் திறன் நன்றாகக் கூடியது. ரெஸ்வெரட்ரால் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன்கள் மங்கின. பயிற்சியின்போது உடலில் உண்டாகும் சிறு அழுத்தமே உடலைப் பலப்படுத்தும் தூண்டுதல். அதை இந்தப் பொருள் அணைத்துவிட்டிருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை, காசில்லாமல் கிடைத்த நன்மையைக் கெடுத்திருக்கிறது.

உணவு வழியாகக் கிடைக்கும் சிறிய அளவாவது நீண்ட காலத்தில் பலன் தருமா என்பதை இத்தாலியின் கியாந்தி பகுதியில் பார்த்தார்கள். ஒயினோடு வாழும் ஊர்கள் அவை. 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் மிச்சங்களை அளந்து ஒன்பது ஆண்டு தொடர்ந்தார்கள். 268 பேர் இறந்தார்கள். ரெஸ்வெரட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் சாவிலோ இதயநோயிலோ புற்றுநோயிலோ வேறுபாடு இல்லை. 2014-ல் அந்த முடிவு வெளியானது.

அளவும் எச்சரிக்கையும்

2006-ல் பருத்த எலிகளுக்கு நாளொன்றுக்குக் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 22 மில்லிகிராம். எடைக்கு எடை கணக்கிட்டால் 60 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். அதை ஒயினில் பெற 600 லிட்டருக்கும் மேல், திராட்சையில் பெறுவதானால் நல்ல ரகத்திலும் 150 கிலோவுக்கும் மேல் தேவை. ‘ஒயினில் இருக்கும் மருந்து’ என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே போதுமான மறுப்பு. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வைத்துவிட்டது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. குடிக்காத ஒருவர் ரெஸ்வெரட்ராலை நினைத்து ஒயின் குடிக்கத் தொடங்குவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஏற்றது. பாதுகாப்பானது என்பதற்கும் பயனுள்ளது என்பதற்கும் தூரம் அதிகம். கிராம் கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வந்திருக்கின்றன. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இது குறைக்கக்கூடும். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தையும் மாற்றக்கூடும். எனவே வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்தோ ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஒத்த தன்மையும் கொஞ்சம் இருப்பதால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுவதே நல்லது.

பழத்தைத் தின்னும் விதம்

திராட்சையின் நன்மை ரெஸ்வெரட்ராலில் அடங்கிவிடுவதில்லை. தோலின் கருநீல நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்கள், கொட்டையின் துவர்ப்புப் பொருட்கள், நார்ச்சத்து, பொட்டாசியம் ஆகியவை ரெஸ்வெரட்ராலைவிடப் பல மடங்கு அதிக அளவில் அதில் இருக்கின்றன. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுத்த தோலும் கொட்டையும் உள்ள பழம் அது. சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புவது பலருக்கும் வழக்கம். சாறு பிழியும்போது வடிகட்டியில் தங்குவதும் தோல்தான். பழத்தின் காவல் மருந்தில் பெரும்பகுதி அந்தத் தோலிலேயே இருக்கிறது. கொடியில் மருந்தடிப்பது வழக்கம் என்பதால், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலோடு மென்று தின்பதே சரியான முறை. நூறு கிராம் திராட்சையில் 16 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை நோயாளிகள் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.